பக்கத்து நம்பர்

மூன்று நாளாக மூலைமட்டம் மேஸ்திரி தன் மகளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவள் எழுந்திருக்கும் முன்பே வேலைக்குக் கிளம்பினார். சாயங்காலம் திரும்பி வந்ததும், "முதுகு வலி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முப்பத்தேழு வருஷம் முட்டி போட்டுத் தரை போட்ட மனிதர். முதுகு வலி என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. அவர் மனைவி தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றபோது, "எந்த இடத்துல வலிக்குதுன்னு சொல்லுங்க" என்றாள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வலித்த இடம் முதுகில் இல்லை.

அவர் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். டைல் போடுகிறவர்களில் அவருக்கு மேல் ஒருவர் அந்த ஊரில் கிடையாது. இதை அவரே சொல்வார். அவர் சொல்லாத நேரத்தில் அவர் போட்ட தரை சொல்லும். பெரிய ஆஸ்பத்திரியின் இருநூறு அடி நடைபாதை அவர் கை வேலை. ஒரு முனையில் கோலிக்குண்டை வைத்துவிட்டு மறுமுனைக்கு நடந்து போங்கள். திரும்பி வரும்வரை குண்டு வைத்த இடத்திலேயே இருக்கும். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதல் பார்வை மூலைக்குத்தான் போகும். மூலை கோணலாக இருந்தால் வீட்டுக்காரரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அதனால் வந்த பெயர்தான் மூலைமட்டம். பிடித்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், பிடிக்காதவர்களும் அப்படித்தான்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. அதையும் அவர் மறைத்ததில்லை. "வாத்தியார் அடிச்ச அடியில பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினவன் நான். அதே பள்ளிக்கூடத்துக்கு இன்னிக்குத் தரை போட்டது யாரு? நான்தான். எந்த மூலையில முட்டி போட்டு நின்னேனோ, அதே மூலையில முட்டி போட்டு டைல் ஒட்டினேன்" என்று நூறு பேரிடமாவது சொல்லியிருப்பார். மறைத்தது வேறு ஒன்று. தமிழை எழுத்துக் கூட்டி, மூச்சு வாங்கிப் படிப்பார். ஆங்கிலம் சுத்தமாக வராது. எண்கள் மட்டும் தண்ணீர் பட்ட பாடு. வரைபடத்தில் அளவைப் பார்ப்பார், பெட்டியில் நம்பரைப் பார்ப்பார், வேலை முடிந்துவிடும். மூன்றாம் வகுப்பு என்று சொல்லும்போது கேட்பவர்கள் வாயைப் பிளந்தார்கள். "அப்ப இதைப் படிங்க" என்று யாரும் ஒரு தாளை நீட்டியதில்லை. நீட்டியிருந்தாலும் அதற்கும் அவரிடம் வழி இருந்தது. தாளைக் கையில் வாங்குவார், புருவத்தைச் சுருக்குவார், மேலிருந்து கீழாக ஒரு பார்வை விடுவார், "ம், சரியா இருக்கு" என்பார். இருபத்து நாலு வருஷம் குடும்பம் நடத்திய மனைவிக்கே அந்த 'ம்' வெறும் 'ம்' என்று தெரியாது.

தொழிலில் அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கேட்ட டைல் கடையில் தீர்ந்துபோயிருந்தால், வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார். "கேட்டா அவன் வீட்டுல கேப்பான், வீட்டுல மச்சினிச்சியைக் கேப்பாங்க, வேலை ஒரு வாரம் நிக்கும்" என்பார். பெட்டி நம்பரைப் பார்ப்பார். நாலாயிரத்துப் பதினேழு இல்லையா, பதினெட்டை எடுப்பார். பக்கத்து நம்பர் என்றால் ஒரே சூளை, ஒரே மண், சாயம் ஒரு பொட்டு முன்னே பின்னே இருக்கும். போட்டு முடித்த பிறகு எந்த வீட்டுக்காரரும் கண்டுபிடித்ததில்லை. முப்பத்தேழு வருஷத்தில் அந்தக் கணக்கு அவரை ஒருமுறைகூடக் காலை வாரவில்லை.

மகள் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் மூன்றாம் வருஷம். ஒரு நாள் மத்தியானம் அவள் ஓடி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அப்பா, அறுபது பேர்ல ரெண்டு பேரை எடுத்திருக்காங்க. ஒண்ணு நான்!"

"எதுக்கு எடுத்திருக்காங்க?"

"ஆறு மாசம் வேற யுனிவர்சிட்டில போய்ப் படிக்க. நம்ம நாட்டுக்குள்ளதான். அங்கேருந்து ரெண்டு பேர் இங்க வருவாங்க, இங்கேருந்து ரெண்டு பேர் அங்க போவோம்."

"அப்ப இங்க சேந்தது என்ன ஆகும்? பாதியில விட்டுட்டா போவாங்க?"

"விடலப்பா. இங்க படிக்க வேண்டிய அஞ்சு பாடத்துக்குப் பதிலா அங்க அஞ்சு பாடம் படிப்பேன். அங்க வாங்கற மார்க் இங்க வந்து சேந்துக்கும். எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம்னு இப்பவே திட்டம் போட்டு ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்கணும்."

பத்து நாள் அந்தத் திட்டத்தோடுதான் அவள் குடித்தனம். இடது பக்கம் இங்குள்ள பாடம், வலது பக்கம் அங்குள்ள பாடம், இரண்டும் பொருந்துகிறதா என்று துறைப் பேராசிரியையிடம் நாலு நடை. எல்லாம் எதற்கு என்றால் ஒரே ஒரு பாடத்துக்காக. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு குலுக்கு மேடை இருந்தது. நாலு ஆள் உயரத்துக்கு மாதிரிக் கட்டடம் கட்டி மேடை மேல் ஏற்றி, பூகம்பம் வந்த மாதிரிக் குலுக்கிப் பார்ப்பார்கள். எங்கே விரிசல் விடுகிறது, எந்தத் தூண் முதலில் உட்காருகிறது என்று கண்ணால் பார்த்துப் படிக்கலாம். ஆய்வகத்தில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். அதில் ஓர் இடம் அவளுக்கு.

மேஸ்திரிக்கு இது போதாதா? பல் டாக்டர் வீட்டுக் குளியலறையில் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கேயே ஆரம்பித்தார். "டாக்டர், என் பொண்ணு வீட்டையே மேடையில தூக்கி வச்சுக் குலுக்கப் போறா!" பிறகு தன்னுடன் இருபது வருஷமாக வேலை செய்யும் பாலிஷ்காரரிடம் சொன்னார்.

"வீட்டைக் குலுக்கினா நீ போட்ட டைலெல்லாம் தெறிச்சிடுமேண்ணே" என்றார் பாலிஷ்காரர்.

"எவன் போட்ட டைலு? வீடு விழுந்தாலும் என் தரை நிக்கும்டா."

"வீடு விழுந்தப்புறம் தரைல நின்னு என்ன பண்றது? குளிக்கறதா?"

அந்தத் திட்டப் படிவம் அசலாக அந்தப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மகளுக்குத் தேர்வு இருந்தது. "குடு, நான் கொரியர்ல போட்டுடறேன்" என்று வாங்கிக்கொண்டார். கொரியர் கடை வாசல்வரை போனவர் உள்ளே நுழையவில்லை. இடத்தைப் பார்க்காமல் எந்த வேலையையும் ஒப்புக்கொள்ளாதவர் அவர். ஆறு மாசம் பெண் இருக்கப் போகிற இடத்தைப் பார்க்காமல் எப்படி அனுப்புவது? மகள் முன்னாடியே சிரித்துக்கொண்டே தடுத்திருந்தாள். "நீங்க வர வேணாம்பா. வந்தா அங்க இருக்கற தரையெல்லாம் தட்டிப் பாப்பீங்க. எனக்கு மானம் போயிடும்." அதனால் வெளியூரில் ஒரு வேலைக்கு அளவெடுக்கப் போவதாக வீட்டில் சொன்னார். வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பையில் படிவத்தையும் அளவு டேப்பையும் வைத்துக்கொண்டு, ஆறு மணி நேரம் பஸ்ஸில் போனார்.

விடுதியை வாசலில் நின்று பார்த்தார். பரவாயில்லை. அலுவலகத்தைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தார். நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐம்பதை நெருங்கிய ஓர் எழுத்தர் அம்மாள், கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். மேஸ்திரிக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசை. எல்லோரும் படித்த முகங்கள். சட்டைப் பையில் பேனா.

அந்த அம்மாள் படிவத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஐயா, இதுல ஒரு சிக்கல். நாலாவதும் அஞ்சாவதும் ஒரே நேரத்துல வருது. நேத்துதான் நேரம் மாத்தினாங்க. ரெண்டுல ஒண்ணை எடுத்துட்டு வேற பாடம் போடணும். பட்டியல் இந்தாங்க. எதை மாத்தலாம்னு படிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

தாள் அவர் பக்கம் திரும்பியது. முழுக்க ஆங்கிலம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. இடது ஓரத்தில் மட்டும் நம்பர்கள்.

"கண்ணாடி கொண்டு வரலைம்மா" என்றார்.

"அதுக்கென்ன, இந்தாங்க, என்னோடதைப் போட்டுப் பாருங்க" என்று அந்த அம்மாள் தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்டார். கயிறு காதுக்குப் பக்கத்தில் ஆடியது. எழுத்துகள் பெரிதாகத் தெரிந்தன, அவ்வளவுதான். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்த நேரத்தில் "எனக்கு இது படிக்க வராதும்மா" என்று சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"பொண்ணுக்குப் போன் பண்ணிக் கேட்டுடுங்களேன்" என்றார் அந்த அம்மாள்.

போன் பண்ணினால் அவர் அங்கே வந்த குட்டு உடைந்துவிடும். "இதோ கேட்டுடறேன்" என்று வெளியே நடைபாதைத் தூண் ஓரமாகப் போனார். போனைக் காதில் வைத்துக்கொண்டார். யாருக்கும் அழைக்கவில்லை. "ஆங்... பாப்பா... சரி... சரி, அப்படியே சொல்லிடறேன்" என்று செத்த போனோடு பேசினார். நடிப்பில் குறை வைக்கவில்லை. நடுவில் ஒரு சிரிப்புகூடச் சிரித்தார். திரும்பி வரும்போது மனதில் ஓடியது ஒரே கணக்குதான். கடைசி வரியில் நானூற்றுப் பதினேழு என்று இருந்தது. பட்டியலில் அதற்கு அடுத்தது நானூற்றுப் பதினெட்டு.

"பதினேழை எடுத்துட்டுப் பதினெட்டு போடச் சொல்லிட்டா."

"நிச்சயமாவா? ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லையே."

"எங்க பொண்ணு யோசிச்சுதாங்க சொல்லும்."

அந்த அம்மாள் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். பழைய வரியை அடித்துப் புது வரி எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டார். போகிற போக்கில் குதிகாலால் தரையைத் தட்டி, "இந்த மூலையில நாலு டைல் சரியா ஒட்டலை, உள்ளே காத்து. யார் போட்டதுன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு வேறு வந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காரியத்தைக் கச்சிதமாக முடித்த திருப்தியோடு தூங்கினார். பின்னாளில் நினைத்து நினைத்துக் குன்றிப்போனது அந்தத் தூக்கத்தைத்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் மகளுக்கு அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அவள் வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி ஆச்சு?" என்றாள் அம்மா.

"ரெண்டு பாடம் ஒரே நேரத்துல வருதுன்னு குலுக்கு மேடைப் பாடத்தை எடுத்துட்டாங்கம்மா. அதுக்குப் பதிலா சாக்கடைத் தண்ணி சுத்திகரிப்பு போட்டிருக்காங்க."

மேஸ்திரி அப்போது கை கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் குழாயிலிருந்து விழுந்துகொண்டே இருந்தது.

"நேர மோதல்னா நாலாவதைத்தானே மாத்தணும்! அதுக்குப் பதில் எது வேணா போட்டிருக்கலாம். நான் போறதே அந்த அஞ்சாவதுக்குத்தான். யாரு இப்படிப் பண்ணினது?" அவள் குரல் உடைந்தது. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மாத்தலேன்னா அவ்ளோதான்."

"நீங்க கொரியர்ல போட்டீங்களா, இல்ல வழியில யார்கிட்டயாவது குடுத்தீங்களா?" என்று மனைவி திரும்பினாள்.

"போட்டேன்னு சொன்னேன்ல!" என்று எரிந்து விழுந்தார். அதோடு வாயை மூடியிருக்கலாம். "அந்த ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்க அப்படித்தான். கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடுவாங்க" என்று சேர்த்துச் சொன்னார். தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்த மனுஷியைச் சொன்னார். சொன்ன வாய் கசந்தது. அன்றைக்குத் தொடங்கியதுதான் முதுகு வலி.

மகள் மறுநாள் அங்கே போன் போட்டாள். வேறு யாரோ எடுத்தார்கள். திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்து இருக்கிறது, யாருடையது என்று கோப்பை எடுத்துப் பார்க்க வேண்டும், அந்த எழுத்தர் வெள்ளிக்கிழமைதான் வேலைக்கு வருவார் என்றார்கள். வேலை இடத்தில் பல் டாக்டர், "என்ன மேஸ்திரி, பொண்ணு குலுக்க ஆரம்பிச்சாச்சா?" என்று சிரித்தார். மேஸ்திரிக்கு மூஞ்சியில் ஈயாடவில்லை. பாலிஷ்காரர் கவனித்துவிட்டார். "என்னண்ணே, மூணு நாளா ஒரு பீத்தலையும் காணோம். உடம்புக்கு ஏதாவதா?" என்றார். "வேலையைப் பாருடா" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு டைல் ஒட்டினார். ஒட்டிய நாலில் ஒன்று கோணல். பெயர்த்தெடுத்து மறுபடி ஒட்டினார். அதுவும் கோணல்.

வியாழக்கிழமை சாயங்காலம், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவரை மகள் எழுப்பினாள். கையில் ஒரு தாள்.

"அப்பா, இதுல ஒரு கையெழுத்து. எங்க மேடம் சொல்லித்தான் எழுதினேன். என் சம்மதம் இல்லாம பாடத்தை மாத்திட்டாங்க, என் கையெழுத்தைப் போலியா போட்டிருக்காங்கன்னு புகார். கௌண்டர்ல இருந்த அந்த அம்மா மேல விசாரணை வைப்பாங்களாம். உறுதியானா வேலையே போகலாமாம்."

அவர் தாளை வாங்கினார். புருவத்தைச் சுருக்கினார். பார்வை மேலிருந்து கீழே போனது. அந்த 'ம்' மட்டும் வெளியே வரவில்லை.

"படிச்சாச்சாப்பா?"

"நாளைக்கு நானே உன்கூட வந்து, உங்க மேடம் முன்னாடி போடறேன்" என்றார்.

வீட்டில் வாய் திறக்க முடியவில்லை. மறுநாள் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பஸ்ஸிலாவது சொல்லிவிட வேண்டும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தார். 'பாப்பா, ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு' என்று ஆரம்பிக்கலாமா? சின்ன தப்பா? நடந்துபோச்சா, நடத்தினதா? மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து, "முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "பரவாயில்லை" என்றார். அதோடு சரி.

பேராசிரியையின் அறை சின்னது. சுவர் முழுக்கப் புத்தகம். எப்போதும் மூலைக்குப் போகும் அவர் கண் இன்று தரையிலேயே நின்றது. பேராசிரியை எழுந்து நாற்காலி போட்டார்.

"வாங்க ஐயா. உங்க பொண்ணு உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்கா. ஆஸ்பத்திரி நடைபாதை நீங்க போட்டதாமே?"

வேறு நாளாக இருந்தால் கோலிக்குண்டு கதை அரை மணி நேரம் ஓடியிருக்கும். அவர் உட்காரவில்லை.

"இந்தப் புகாரை அனுப்பாதீங்கம்மா" என்றார். "மாத்தினது நான்."

"என்னப்பா சொல்றீங்க?" என்றாள் மகள்.

"கொரியர்ல போடலை. நானே எடுத்துட்டுப் போனேன். ரெண்டுல ஒண்ணை மாத்தணும்னாங்க. பட்டியலைக் குடுத்தாங்க."

"அதுல பேர் எல்லாம் தெளிவா போட்டிருக்குமே! படிச்சிருந்தாலே தெரிஞ்சிருக்குமேப்பா?"

வெள்ளைச் சட்டைக்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. மூன்றாம் வகுப்பு என்று மார் தட்டிச் சொன்ன அத்தனை பேர் முன்னாலும் நிற்பது போலிருந்தது.

"எனக்குப் படிக்க வராது பாப்பா. இங்கிலீஷ் ஒரு எழுத்துகூட வராது. நம்பரைப் பாத்தேன். டைல் பெட்டி மாதிரி பக்கத்து நம்பரை எடுத்தேன்."

மகள் அவரைப் பார்த்தாள். கோபமாகக் கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் அவரை முதல் தடவையாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"அவங்களும் அதைத்தான் சொன்னாங்க. பண்ணின மாதிரி நடிச்சேன்." இதைச் சொல்லும்போது குரல் பாதாளத்துக்குப் போய்விட்டது. "உனக்குத் தெரியாம வந்தது தெரிஞ்சிடும்னு."

பேராசிரியை போனை எடுத்து அந்த அலுவலகத்துக்கு அழைத்தார். எழுத்தர் அம்மாள் வந்திருந்தார். பேராசிரியை எல்லோரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்து விஷயத்தைச் சொன்னார். கேட்டுவிட்டு அந்த அம்மாள் சொன்னார்.

"மேடம், இப்ப மாத்தணும்னா நான் போட்ட திருத்தம் ஏன் தப்பாச்சுன்னு எனக்கு எழுத்துல வேணும். இல்லேன்னா என் தலைதான் உருளும். அந்தப் பெரியவர் தன் கையால எழுதிக் குடுக்கணும். போன் பேசினதா சொன்னது பொய்னு அதுல இருக்கணும்."

"நான் எழுதறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்கப்பா" என்றாள் மகள் மெதுவாக.

"வேணாம். தமிழ்ல எழுதினா செல்லுமாம்மா?" என்று போனைப் பார்த்துக் கேட்டார்.

"செல்லும்."

மேசை ஓரத்தில் உட்கார்ந்து எழுதினார். சிமெண்ட் பூசும் கரணையைப் பிடித்துக் காய்த்த விரல்களுக்குள் பேனா துரும்பு மாதிரி இருந்தது. ஐந்து வரிக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. நடுவில் ஒரு மாணவன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். ஒரு பெரியவர் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டுவதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான். பேராசிரியை தாளை வாங்கி, போனில் அப்படியே வாசித்தார். தான் எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்டுக்கொண்டு அவர் நிற்க வேண்டியிருந்தது.

"'நான் டைல் போடும் மேஸ்திரி. என் மகளுக்குத் தெரியாமல் அங்கு வந்தேன். எனக்குப் படிக்கத் தெரியாததை மறைத்தேன். மகளிடம் போன் பேசியதாகச் சொன்னது பொய். அந்த அம்மா மேல் தப்பு இல்லை.'"

"ஐயா" என்றது போன். "எனக்கும் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீங்க தூண் பக்கம் பேசினதை நான் ஜன்னல் வழியா பாத்தேன். போனை எடுத்தீங்க, ஒரு பட்டன்கூட அழுத்தலை. சந்தேகம் வந்துச்சு. வரிசை நீளமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

நடித்த நடிப்பு பார்க்கப்பட்டிருந்தது. காது மடல் இரண்டும் சுட்டன. அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"சரிம்மா, இடம் இருக்கா?" என்று கேட்டார் பேராசிரியை.

"வகுப்புல இருக்கு மேடம். அதை இப்பவே போட்டுடறேன், நாலாவதை மாத்திக்கலாம். ஆய்வகத்துல அந்த இடம் செவ்வாய்க்கிழமையே காத்திருந்த அடுத்த பையனுக்குப் போயிடுச்சு. அவன்கிட்டேருந்து பிடுங்க முடியாது. யாராவது விலகினா முதல் ஆள் இந்தப் பொண்ணு. விலகலேன்னா பாடம் படிக்கலாம், ஆய்வகத்துக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கலாம். மேடையைத் தொட முடியாது."

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, "நான் போறேன் மேடம்" என்றாள்.

புதுப் படிவத்தை அச்செடுத்துக் கொடுத்தார்கள். மறுபடியும் பெற்றோர் கையெழுத்து வேண்டும். இருவரும் வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வகுப்பு விட்ட நேரம். பையன்களும் பெண்களுமாக முன்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். இரண்டு பேர் மகளுக்குக் கை காட்டினார்கள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"ஒன்பதாவதுல எனக்கு அறிவியல்ல இருபத்திரண்டு மார்க். பயந்துக்கிட்டே ரிப்போர்ட் கார்டை நீட்டினேன். நீங்க பாத்துட்டு, 'பலே, என் பொண்ணுன்னா சும்மாவா'ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டீங்க. குத்திக் காட்டறீங்கன்னு நெனச்சேன். ஒரு வாரம் உங்ககூடப் பேசலை. ஞாபகம் இருக்கா?"

அந்த வாரம் அவருக்கு ஞாபகம் இருந்தது. வயசுக்கு வந்த பெண், ஏதோ மனசு சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். நூறுக்கு இருபத்திரண்டு. எண்கள்தான் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு ஆயிற்றே? அன்றைக்கு எண்ணைக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கிற மாதிரி பார்த்ததில் எதையுமே பார்க்கவில்லை.

"அந்த ரோஷத்துலதான் அப்புறம் படிச்சேன்" என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் நின்றது. வாய் மட்டும் கொஞ்சம் கோணியது. "இதையும் பெருமையா டாக்டர் வீட்டுல போய்ச் சொல்லி வைக்காதீங்க."

அவருக்குச் சிரிக்கத் தெரியவில்லை. அழவும் தெரியவில்லை. படிவத்தை அவள் மடியில் வைத்தார்.

"படி."

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவர் காதோரம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் முதல் வரியை வாசித்தாள். அவருக்காகத்தான் குரலைத் தாழ்த்துகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. அது போன் பேச்சைவிட அதிகமாகச் சுட்டது.

"சத்தமாவே படி. தெரியாததைத் தெரியாதுன்னு கேக்கறேன், திருடலை."

அவள் சத்தமாக வாசித்தாள். ஒவ்வொரு பாடத்துக்கும் "அப்படின்னா என்ன?" என்று கேட்டார். அவள் சொன்னாள். போகிறவர்களில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலை குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து பாடமும் முடிந்ததும் பேனாவை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இன்னும் இரண்டு வரி இருந்ததை விரலால் காட்டினார்.

"அது சும்மாப்பா. விதிமுறை. எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அதையும் படி."